பெர்லினுக்குக் குடியேறியவர்களும் யூனியன் கால்பந்துக் கிளப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ பெர்லினுக்கு வந்து, ஓரிரு ஆண்டுகளில் சிவப்பு வெள்ளைக் கழுத்துத்துண்டோடு, யூனியன் கிளப்பின் மைதானம் இருக்கும் கோப்பெனிக் பகுதிக்குச் செல்லும் ரயிலில் ஏறிக்கொள்ளும் வெளிநாட்டவர்கள் நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருவன். புதிதாக வரும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ரியல் மாட்ரிட், மான்செஸ்டர் யுனைடெட் என்று உலகப் புகழ்பெற்ற அணிகள் இருக்கும்போது, வந்த ஊரின் சிறிய கிளப்பை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?

பெரிய அணிகளை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த அணியின் ஊர் எப்படி இருக்கும், அந்த ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுவார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. யூனியன் பெர்லின் அப்படியல்ல. அதன் மைதானத்துக்கு எஸ்-பான் ரயிலில் போய் இறங்கி மரங்களுக்கு நடுவே நடந்துவிடலாம். பக்கத்தில் நிற்பவர் குழாய் பழுதுபார்ப்பவராக இருப்பார், பள்ளி ஆசிரியராக இருப்பார், ஓய்வுபெற்ற தொழிற்சாலைப் பணியாளராக இருப்பார்.

பெர்லின் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வெளிநாட்டுக் குடிமக்கள். அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் இங்கே இருந்தும், அலுவலகத்தையும் தங்களைப் போன்ற பிற குடியேறிகளையும் தவிர யாரையும் அறியாமல் வாழ்கிறார்கள். அண்டை வீட்டுக்காரரோடு படிக்கட்டில் ஒரு வணக்கம், அதோடு சரி. பல காலம் ஒரே இடத்தில் நின்று ஒரே அணிக்காகக் கத்தினால் அந்தச் சுவர் இடிந்துவிடுகிறது. இந்த ஊருக்குள் நுழைய இதைவிட நேரான வழியை நான் பார்த்ததில்லை.

யூனியன் எப்படிப்பட்ட கிளப்? அதன் கதை என்ன?

இன்றைய பெயரில் 1966 ஜனவரியில் தொடங்கப்பட்டது. வேர் அதற்கும் பழையது. 1906-இல், ஆலைகள் நிறைந்த ஓபர்ஷோனவைடே பகுதியில் தொடங்கிய அணியிலிருந்து வருகிறது. உலோகத் தொழிலாளர்களின் அணி என்ற பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டது. மைதானம் முழங்கும் 'ஐசர்ன் ஊனியோன்' என்ற முழக்கத்துக்கு 'இரும்பு யூனியன்' என்று பொருள்.

பெர்லின் பிளவுபட்டிருந்தபோது இது கிழக்கு ஜெர்மனியின் கிளப். 1968-இல் கார்ல் ட்சைஸ் யேனா அணியை 2-1 என்று வென்று நாட்டுக் கோப்பையைப் பெற்றது. அந்த வெற்றியால் ஐரோப்பியப் போட்டியில் ஆட வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் அதே ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. அதைத் தொடர்ந்த இழுபறியில் கிழக்கு முகாம் நாடுகளின் அணிகள் விலகிக்கொண்டன. யூனியன் ரசிகர்கள் ஐரோப்பிய ஆட்டத்தைக் காண 2001 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நகரின் இன்னொரு கிளப்பான பி.எஃப்.சி. டைனமோ, ரகசியக் காவல் துறையின் தலைவர் எரிக் மீல்கேயின் ஆதரவோடு 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை சாம்பியன் ஆனது. யூனியனோ மேல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதிகாரத்தின் செல்லப்பிள்ளை அந்தப் பக்கம் இருந்ததால், அதிகாரத்தைப் பிடிக்காதவர்கள் பலர் இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். எதிரணி வீரர்கள் ஃப்ரீ கிக்கைத் தடுக்கச் சுவராக வரிசைகட்டி நின்றால், 'சுவர் இடிய வேண்டும்' என்று மைதானம் கத்துமாம். பெர்லினைப் பிரித்த சுவரைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தாலும், காவல் துறையினர் அதைக் கால்பந்தைப் பற்றியது என்றே எடுத்துக்கொண்டாக வேண்டும். எல்லா யூனியன் ரசிகரும் அரசு எதிர்ப்பாளர் அல்லர் என்று அக்காலத்தில் வாழ்ந்தவர்களே சொல்வார்கள். அதையும் நாம் மதித்துக் கேட்க வேண்டும். பழைய கதைகளைப் பெரிதாக்கிப் பேசுவது பெரும்பாலும் என்னைப் போல் பின்னால் வந்தவர்கள்தான்.

ரசிகர்களே ஸ்டேடியம் கட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. என்னை இந்தக் கிளப்பின் பக்கம் இழுத்ததும் இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2004-இல் கிளப் கடனில் மூழ்கியிருந்தது. மூன்றாம் பிரிவில் ஆட உரிமம் பெற ஏறக்குறைய 15 லட்சம் யூரோ காட்ட வேண்டும். ரசிகர்கள் 'யூனியனுக்காக ரத்தம் சிந்துவோம்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பேச்சுக்காக வைத்த பெயர் அல்ல அது. பெர்லினில் ரத்த தானம் செய்பவர்களுக்கு ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். ரசிகர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து, கிடைத்த பணத்தைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். உரிமம் கிடைத்தது. அடுத்த ஆண்டே அணி நான்காம் பிரிவுக்கு இறங்கியது. அப்போதும் அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு மைதானம். 'அல்ட்டே ஃபர்ஸ்டெரை', அதாவது பழைய வன அலுவலகம் என்ற பெயர் கொண்ட அந்த இடம் இடிந்து சரியும் நிலையில் இருந்தது. நிற்கும் படிகளின் காங்கிரீட் பெயர்ந்து கிடந்தது. இனி அங்கே ஆட அனுமதி கிடைக்காது என்ற நிலை வந்தபோது கிளப்பிடம் பணம் இல்லை. 2008 கோடையில் ரசிகர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். வேலை தெரிந்த கொத்தனாரும் வெல்டரும் வழிகாட்ட, தெரியாதவர்கள் கல் சுமந்தார்கள், களை பிடுங்கினார்கள், பெயிண்ட் அடித்தார்கள். சிலர் தங்கள் ஆண்டு விடுப்பு முழுவதையும் அங்கேயே செலவழித்தார்கள். 2,000-க்கும் மேற்பட்டோர், மொத்தம் 1,40,000 மணி நேர உழைப்பு, ஒரு காசு கூலி இல்லை. 2009 ஜூலையில் ஹெர்த்தா பெர்லினோடு ஆடிய ஆட்டத்தோடு மைதானம் திறக்கப்பட்டது. கட்டியவர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் ஒன்று மைதானத்துக்கு வெளியே நிற்கிறது. முதல் முறை போகும்போது, உள்ளே ஓடும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

2011-இல் மைதானத்தை நடத்தும் நிறுவனத்தின் பங்குகள், ஒன்று 500 யூரோ விலையில், உறுப்பினர்களுக்கு விற்கப்பட்டன. 2014 உலகக் கோப்பையின்போது ரசிகர்கள் தங்கள் வீட்டு சோஃபாக்களைக் கொண்டுவந்து புல்தரையில் வரிசையாகப் போட்டு, பெரிய திரையில் ஆட்டங்களைப் பார்த்தார்கள். தாங்களே கட்டிய இடத்தில் சோஃபா போட யாரிடம் கேட்க வேண்டும்?

பணக்காரர் ஒருவர் வந்து இந்தக் கிளப்பை வாங்கிவிட முடியாதா?

ஜெர்மனியில் அது எளிதல்ல. 1998 முதல் '50+1' என்ற விதி இருக்கிறது. கிளப் தன் தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாக மாற்றி வெளியாரின் முதலீட்டைப் பெற்றாலும், வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களைக் கொண்ட சங்கத்திடமே இருக்க வேண்டும். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க் போன்ற ஆலை சார்ந்த அணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் உறுப்பினரானால் பொதுக்கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு வாக்கு. இந்த நாட்டின் தேர்தலில் வாக்களிக்க முடியாத ஒரு குடியேறிக்கு, வாக்கு என்று கையில் கிடைக்கும் முதல் இடம் இதுவாகக்கூட இருக்கலாம்.

ஹெர்த்தாவும் பெர்லின் கிளப்தானே?

ஆம். 1936 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட பெரிய ஸ்டேடியத்தில் ஆடும் பழம்பெரும் மேற்கு பெர்லின் கிளப். சுவர் இருந்த காலத்தில் இரு ரசிகர் கூட்டங்களும் ஒன்றுக்கொன்று நட்பாக இருந்தன. சுவர் திறந்த சில வாரங்களில், 1990 ஜனவரி 27 அன்று, இரண்டும் ஆடிய நட்பு ஆட்டத்தை 50,000-க்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். இப்போது அந்த நட்பு பெரிதாக மிச்சமில்லை. மேற்கே குடியிருப்பவர்கள் ஹெர்த்தாவைத் தேர்ந்தால் அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னும் சிறிய கிளப்களும் உண்டு. துருக்கியிலிருந்து வந்த தொழிலாளர்கள் க்ராய்ட்ஸ்பர்க்கில் 1978-இல் தொடங்கிய துர்க்கியெம்ஸ்போர் அவற்றில் ஒன்று. பக்கத்து ஊர் போட்ஸ்டாமில் பாபெல்ஸ்பர்க் 03 கிளப், 2014-இல் அகதிகளைக் கொண்டே ஓர் அணியை அமைத்தது. யூனியன் டிக்கெட் கிடைக்காத வார இறுதிகளில் இத்தகைய மைதானங்களுக்குப் போய்ப் பாருங்கள்.

டிக்கெட் எப்படிக் கிடைக்கும்?

கடினம். மைதானம் 22,012 பேரைக் கொள்ளும். அதில் இருக்கை 3,617 மட்டுமே, மற்றவை நிற்கும் இடங்கள். உறுப்பினர்களோ 60,000-ஐத் தாண்டிவிட்டார்கள். டிக்கெட் முதலில் அவர்களுக்குத்தான். பொது விற்பனைக்கு அநேகமாக எதுவும் மிஞ்சாது.

ஆகவே முதலில் உறுப்பினராகுங்கள். அதற்குக் குடியுரிமையும் வேண்டாம், மொழித் தேர்வும் வேண்டாம். அடுத்து, போக முடியாதவர்கள் தங்கள் டிக்கெட்டை முறையாகக் கைமாற்றிவிடும் வசதியைக் கிளப்பின் தளத்தில் அடிக்கடி பாருங்கள். வார நாள் இரவுகளிலும் கடுங்குளிர் மாதங்களிலும் வாய்ப்பு சற்று அதிகம். வெளித் தளங்களில் பல மடங்கு விலைக்கு விற்கும் டிக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள். அந்த இடம், கல் சுமந்த ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்ட இடமாக இருக்கக்கூடும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனமே இல்லை.

மைதானத்தை விரிவாக்கும் திட்டம் இருக்கிறது. அதற்காகக் காத்திருக்காமல் மகளிர் அணியின் ஆட்டங்களுக்குப் போங்கள். 2025-இல் ஜெர்மனியின் முதல் பிரிவான மகளிர் புண்டஸ்லிகாவுக்கு உயர்ந்த அந்த அணியும் இதே மைதானத்தில்தான் ஆடுகிறது. குழந்தைகளோடு போவதற்கு மிக நல்ல இடம். டிக்கெட்டும் எளிதாகக் கிடைக்கும்.

மைதானத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

எழுதப்படாத விதிகள் சில. சொந்த அணியின் வீரரைப் பழித்துக் கூச்சலிடக் கூடாது, எவ்வளவு மோசமாக ஆடினாலும் சரி. இறுதி விசில் ஊதும் முன் கிளம்பக் கூடாது. கிரிக்கெட்டில் ஐந்து விக்கெட் விழுந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிடும் பழக்கத்தோடு வளர்ந்த நமக்கு இந்த இரண்டாவது விதி கொஞ்சம் சிரமம். பழகிக்கொண்டால் வாழ்க்கைக்கே நல்லது.

ஆட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் நம் வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் கூட்டம் முழுவதும் 'ஃபுஸ்பால்காட்', அதாவது 'கால்பந்துக் கடவுள்' என்று கத்தும். நேற்று வந்து சேர்ந்த மாற்று வீரருக்கும் அதே மரியாதைதான். ஒரு மூலையில் பழைய ஸ்கோர் பலகை இருக்கிறது, எண்களை ஓர் ஆள் கையால் மாற்றுவார். கோல் விழுந்ததும் எல்லோரும் திரும்பி அதைப் பார்ப்பது ஒரு தனி இன்பம்.

பாட்டு முழுவதும் தெரியாவிட்டால் வாயை மூடி நிற்கவேண்டியதில்லை. கைதட்டுங்கள். நாள் செல்லச் செல்ல வரிகள் தானாக வாய்க்கு வந்துவிடும். கைப்பேசியை உயர்த்தி ஆட்டம் முழுவதையும் படம்பிடிப்பவர்களைப் பின்னால் நிற்பவர் தோளில் தட்டி நிறுத்துவார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் செய்வது சரி.

ஜெர்மன் தெரியாமல் போகலாமா?

போகலாம். ஆனால் தெரியாமலேயே இருந்துவிடக் கூடாது. வகுப்பில் வேற்றுமை உருபுகளோடு மல்லாடி நான் பெறாத துணிவை, இடைவேளையில் நடுவரைப் பற்றிப் புகார் சொல்லும் பேச்சு எனக்குக் கொடுத்தது. கால்பந்துப் பேச்சில் பாதி புரிந்தாலே போதும், மீதியைக் கை காட்டிவிடும்.

உள்ளூர்க்காரர்கள் ஏற்றுக்கொள்வார்களா? நம் தோல் நிறம் பிரச்சினையாகுமா?

கிழக்கு ஜெர்மனியின் கிளப் என்றதும் வரும் அச்சம் நியாயமானது. 1990களில் இந்தப் பகுதிகளில் நவநாஜிகளின் வன்முறை எப்படி இருந்தது என்பதை அப்போது வாழ்ந்த குடியேறிகள் மறக்கவில்லை. யூனியனும் கறையற்றதல்ல. 2021 செப்டம்பரில் இஸ்ரேலின் மக்காபி ஹைஃபாவோடு ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஆடியபோது, யூனியன் ரசிகர்கள் சிலர் எதிரணி ரசிகர்களை யூத வெறுப்புச் சொற்களால் ஏசினார்கள். கிளப் தலைவர் டிர்க் சிங்லர் மன்னிப்புக் கேட்டார். வெட்கக்கேடான அந்த நாளை மறைத்துவிட்டு இந்தக் கிளப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

என் அனுபவத்தில், படிகளில் நிற்பவர்கள் முதலில் நம்மைக் கவனிப்பதே இல்லை. அதை வெறுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். பெர்லின்காரர்கள் எல்லோரிடமும் அப்படித்தான். அடுத்தடுத்து அதே இடத்தில் பார்த்தால் தலையசைப்பார்கள். மழையில் 0-2 என்று தோற்ற நாளில் கடைசி வரை நின்றால் பேசுவார்கள். எந்த ஊர் என்ற கேள்வி அதற்கு வெகுநாள் கழித்துத்தான் வரும், அதுவும் ஆர்வத்தோடு.

அப்படிக் கேட்ட ஒரு முதியவர், எண்பதுகளில் இலங்கைத் தமிழர்கள் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியதைத் தான் நேரில் பார்த்திருப்பதாகச் சொன்னார். போருக்குத் தப்பிய தமிழர் பலர் அந்த விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லின் வழியாக ரயிலில் மேற்குக்குக் கடந்தார்கள். ஷோனஃபெல்ட் கோப்பெனிக்கிலிருந்து தொலைவில்லை. அந்த மனிதர் எனக்குச் சொல்லித்தான் இந்த இரண்டும் இவ்வளவு அருகில் இருப்பது எனக்கு உறைத்தது.

ஒன்றை மட்டும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டு வாடகை ஏறியதற்கும் டிக்கெட் கிடைக்காததற்கும் புதிதாக வந்தவர்களைக் குறை சொல்லும் குரல்கள் இருக்கின்றன. அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. நாம் பார்வையாளராக மட்டும் வந்தால் அது வளரும். அவசர வேலைக்கு ஆள் தேவை என்று ரசிகர் குழு அழைக்கும்போது போய் நின்றால், கோபிக்க ஆளே இருக்காது.

சைவ உணவுக்காரர்களுக்கு அங்கே ஏதாவது உண்டா?

பிரெட்சல் என்ற முறுக்கு வடிவ ரொட்டி உண்டு. பானம் வாங்கினால் கோப்பைக்கு முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும்.

டிசம்பர் 23 அன்று என்ன நடக்கிறது?

2003-இல் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. மனம் நொந்த 89 ரசிகர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்களில் ஒன்றில் பூட்டிய மைதானத்துக்குள் அனுமதியின்றி நுழைந்து, நடுக்கோட்டருகே நின்று கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடிவிட்டுப் போனார்கள். மறு ஆண்டும் வந்தார்கள், இன்னும் பலரோடு. இன்று 28,000 பேர்வரை கையில் மெழுகுவர்த்தியும் பாட்டுப் புத்தகமுமாகப் பாடுகிறார்கள். அங்கே ஆட்டமும் இல்லை, எதிரணியும் இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாத வெளிநாட்டவர்கள், கிறிஸ்தவர் ஆனாலும் ஆகாவிட்டாலும், அன்று அங்கே போவதை நான் வற்புறுத்துவேன். டிசம்பரில் பெர்லினில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். தனி அறையில் இருப்பவருக்கு அந்த மாதம் எவ்வளவு நீளம் என்பது இருந்தவருக்குத்தான் தெரியும்.

வெற்றி வந்தபின் கிளப் மாறிவிடவில்லையா?

2019 மே 27 அன்று ஸ்டுட்கார்ட்டோடு 0-0 என்று சமன் செய்து, முதல் ஆட்டத்தில் எதிரணி ஊரில் அடித்த இரண்டு கோல்களின் பலத்தில் முதன்முறையாகப் புண்டஸ்லிகாவுக்கு உயர்ந்தார்கள். அந்த ஆகஸ்டில் நடந்த முதல் ஆட்டத்துக்கு ரசிகர்கள் நூற்றுக்கணக்கில் புகைப்படங்களை ஏந்தி வந்தார்கள். இந்த நாளைக் காணாமல் இறந்துபோன தந்தை, தாத்தா, நண்பர் ஆகியோரின் படங்கள். ஆட்டம் 0-4 என்று முடிந்தது, அது யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை.

2022-23 பருவத்தில் நான்காம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீகுக்குப் போனார்கள். அடுத்த பருவத்தில் ரியல் மாட்ரிடிடம், 90 நிமிடம் கடந்த கூடுதல் நேரத்துக் கோலில் 0-1 என்று தோற்றார்கள். அதே பருவத்தின் கடைசி நாளில், 2024 மே மாதம், ஃப்ரைபர்க்கைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் தப்பினார்கள். அந்தக் கோல் விழுந்தபோது என்னைக் கட்டிப்பிடித்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

மாறியிருக்கிறதா என்றால், கொஞ்சம் மாறியிருக்கிறது. பணம் கூடியிருக்கிறது, கூட்டம் கூடியிருக்கிறது, நெருக்கம் சற்றுக் குறைந்திருக்கிறது. நாளை இரண்டாம் பிரிவுக்கு இறங்கினாலும் வருவேன் என்று சொல்ல முடிந்தவர்கள் உறுப்பினராகுங்கள்.

பெர்லினை விட்டுப் போக நேர்ந்தால்?

விசா முடியும், வேலை மாறும், பெற்றோரைக் கவனிக்க ஊர் திரும்ப வேண்டிவரும். குடியேறிகளின் வாழ்க்கையில் இது எப்போதும் உண்டு. உறுப்பினர் சந்தாவை எங்கிருந்தும் கட்டலாம், எனக்குத் தெரிந்த பலர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பருவகாலச் சீட்டு வைத்திருந்தால் மட்டும் அதைப் பெட்டியில் பூட்டி எடுத்துப் போகாதீர்கள். நீங்கள் நின்ற படியில் இன்னொருவர் நிற்க வேண்டும். கிளப்பிடம் முறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.